தீக்கு இரையான கூத்துப் பெட்டிகள்

சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பட்டணத்துக் கோயில் வாசலில் பலகை மேடை எழும்பிவிடும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மளிகைச் சாமான் வாங்கப் போன நம்மவர்கள், மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு, அந்த வாயாங் கூத்தைச் சற்று நேரம் நின்று பார்த்த காலம் ஒன்று உண்டு. மொழி விளங்காது. தாளச் சத்தமோ காதைத் துளைக்கும். ஆனாலும் கால் நகராது. எல்லாம் அந்த உடைகளால் வந்த மயக்கம்! விளக்கொளியில் பொன்னாக மின்னும் அங்கி, தலையில் ஆளுயரத்துக்கு ஆடும் இறகுகள், முதுகில் விசிறிபோல் விரிந்து நிற்கும் கொடிகள். தோட்டத்து மேடையில் அரிச்சந்திரனையும் காமனையும் ரதியையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வந்து நிற்பவர் ராஜாவா, தளபதியா, ஆண்டியா என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

அத்தகைய உடைகளைப் பற்றிய கதைதான் இது. ஆனால் நடந்த இடம் நம் நாடு அன்று. சீனத்துத் தலைநகரான பெய்ஜிங். ஆண்டு 1966. அங்கே ஒரு பிற்பகலில் கூத்து உடைகளும் கிரீடங்களும் மேடை வாள்களும் ஒரு முற்றத்தில் மலைபோல் குவிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. விளக்குச் சரிந்து பிடித்த தீ அன்று. மின்கம்பி உரசிப் பிடித்ததும் அன்று. கூட்டம் கூட்டி, முழக்கம் எழுப்பி, வேண்டுமென்றே மூட்டிய தீ. மூட்டியவர்கள் யார் என்று கேட்டால் தாய்மார்கள் திடுக்கிடுவீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்!

பெட்டிக்குள் என்ன இருந்தது?

நம் ஊர் வீதிகளில் ஆடப்படுபவை பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சூ, கந்தோனியக் கூத்துகள். பெய்ஜிங் கூத்து வேறு வகை. 1790ஆம் ஆண்டு சியென்லுங் பேரரசரின் எண்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக ஆன்ஹுய் மாநிலத்துக் கூத்துக் குழுக்கள் தலைநகருக்கு வந்தன. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களுடைய பாட்டும் பிற வட்டாரங்களின் பாட்டும் கலந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் உருவானதே பெய்ஜிங் கூத்து. வகைகள் வேறானாலும் உடை விஷயத்தில் இவை எல்லாம் பங்காளிகள்தாம்.

சீனக் கூத்தில் காட்சிக்கென்று திரைச்சீலை எழுதி வைப்பது பழைய வழக்கம் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். அரண்மனையும் போர்க்களமும் உடையிலேதான் இருக்கின்றன. ஆகவே குழுவின் சொத்து முழுவதும் பெட்டிகளில் அடங்கியிருந்தது. அங்கிகளுக்குப் பெரிய பெட்டி, போர் உடைகளுக்கு இன்னொன்று, கிரீடங்களுக்கும் தாடிகளுக்கும் தனிப்பெட்டி என்று பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பான ஆள் உண்டு. எந்தப் பாத்திரத்துக்கு எந்த அங்கி, எந்த இடைவார், எந்தக் காலணி என்பது அவருக்கு மனப்பாடம். கிழிந்ததை உடுத்தினாலும் உடுத்தலாம், தவறானதை உடுத்தக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம்.

அரசரும் அமைச்சரும் அணியும் பெரிய அங்கியில் நாகம் போன்ற டிராகன்கள் நெளியும். கீழ் ஓரத்தில் கடல் அலை பொங்கும். அத்தனையும் பட்டின்மேல் பட்டு நூலாலும் பொன் இழையாலும் கையால் செய்த பூவேலை. சூச்சோ நகரத்துப் பெண்கள் இந்த வேலைக்குப் பேர் போனவர்கள். ஓர் அங்கியை முடிக்கப் பல மாதங்கள் பிடிக்கும். நிறத்துக்கும் கணக்கு உண்டு. மஞ்சள் பேரரசருக்கு. கரிய முகத்து நீதிபதி பாவுக்குக் கறுப்பு. நம் சீனக் கடைகளில் செம்முகத்தோடு நீண்ட தாடியை உருவியபடி காட்சி தருகிறாரே குவான் கோங், அவருக்குப் பச்சை. தளபதியின் முதுகில் நான்கு கொடிகள் நிற்கும். தலைப்பாகையில் செருகிய காட்டுக்கோழி இறகை விரலிடுக்கில் பிடித்து அவர் வளைத்தால், கோபம் வந்துவிட்டது என்று பொருள்.

பெண் வேடத்தின் கையில் தொங்கும் வெள்ளைப் பட்டுக்கு ‘நீர்க் கை’ என்று பெயர். சட்டைக் கையின் நுனியில் தைத்த நீண்ட துணிதான் அது. உதறினால் ஆத்திரம், சுருட்டினால் வெட்கம், முகத்தை மறைத்தால் அழுகை. இதைக் கற்கச் சின்ன வயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். இந்த வெள்ளைப் பட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மீண்டும் வருகிறது.

இன்னொரு செய்தி நம் பெண்களுக்குப் பிடிக்கும். பூவேலை செய்த பட்டு அங்கியைத் துவைக்க முடியாது. தண்ணீர் பட்டால் சாயம் ஓடிவிடும், பொன் இழை கறுத்துவிடும். உள்ளே வியர்வை உறிஞ்ச ஒரு சட்டையும் அதன்மேல் பஞ்சு வைத்த சட்டையும் போட்ட பிறகே அங்கியை உடுத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் காரமான சாராயத்தை உள்பக்கம் தெளித்து நிழலில் உலர்த்துவார்கள். வியர்வை நாற்றம் போய்விடும், பட்டும் பிழைக்கும். இப்படிப் பேணினால் ஓர் அங்கி ஒரு நடிகரின் ஆயுளையும் தாண்டி வாழும். குருவின் அங்கி சீடனுக்கு வருவது இப்படித்தான்.

பெரிய பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலாக இருப்பது என்ன தெரியுமா? பேரரசரின் மஞ்சள் அங்கி என்று நினைப்போம். இல்லை. பல நிற ஒட்டுத் துணிகள் தைத்த ஓர் ஏழையின் அங்கி! கதையில் வறுமையில் வாடிப் பின்னால் உயரப் போகிறவன் அணிவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘செல்வ உடை’. கூத்தாடிகள் தாங்களும் ஏழைகள்தாமே!

பிள்ளைகள் கையில் தீப்பெட்டி

1966இல் சீனத்தில் தலைவர் மா சே துங் ‘பண்பாட்டுப் புரட்சி’ ஒன்றைத் தொடங்கினார். கட்சிக்குள் தம் பிடி தளர்ந்துவிட்டது என்று கருதிய அவர், பெரியவர்களை ஒதுக்கிவிட்டு மாணவர்களை அழைத்தார். ஆகஸ்ட் 18ஆம் நாள் தியென் ஆன் மென் சதுக்கத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிய அவர்களுக்குச் ‘செங்காவலர்’ என்று பெயர். பழைய எண்ணம், பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் என்ற நான்கையும் ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்கினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பழையது எது, நல்லது எது என்று யார் பிரித்துச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. காவல்துறை தடுக்கவும் இல்லை. தடுக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

கூத்தின்மேல் அதற்கு முன்பே கண் விழுந்திருந்தது. மேடையில் பேரரசர்களும் அமைச்சர்களும் அழகிகளுமே நிறைந்திருக்கிறார்கள், உழைப்பவனுக்கு இடமில்லை என்பது குற்றச்சாட்டு. கேட்டால் நியாயம் போலத்தான் தோன்றும், உழைக்கும் நமக்கும்கூட. ஆனால் அந்தக் கூத்தைக் காசு கொடுத்துப் பார்த்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் கூலிகளும் வண்டிக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும்தான் என்பதைக் குற்றம் சாட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23

கன்பூசியஸ் பெருமானின் கோயில் பெய்ஜிங்கில் இருக்கிறது. 1302இல் கட்டத் தொடங்கிய கோயில். பேரரசுத் தேர்வில் வென்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களின் பெயர்களைப் பொறித்த 198 கல்வெட்டுகள் அதன் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. படித்தவனைக் கல்லில் பொறித்து வணங்கிய அந்த இடத்தில்தான் 23ஆம் நாள் பிற்பகல் விறகு அடுக்குவதுபோல் கூத்து உடைகளை அடுக்கினார்கள்.

லாரிகளில் சுமார் முப்பது எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பலர் முதியவர்கள். கழுத்தில் குற்றம் எழுதிய அட்டை தொங்கவிட்டார்கள். சிலருக்குத் தலைமுடியைப் பாதி மழித்தார்கள். எரியும் குவியலைச் சுற்றி மண்டியிட வைத்தார்கள். ஆகஸ்ட் மாத வெயில் ஒருபுறம், முகத்துக்கு நேரே நெருப்பு ஒருபுறம். அடிக்க ஆயுதம் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கூத்துப் பெட்டியிலிருந்த மேடை ஈட்டிகளையும் வாள்களையும் கோல்களையும் எடுத்தே அடித்தார்கள். பித்தளைப் பூண் போட்ட இடைவாராலும் அடித்தார்கள். இருநூறு ஆண்டுகளாக எவரையும் காயப்படுத்தாமல் சுழன்ற மேடை ஆயுதங்கள்!

மண்டியிட்டிருந்தவர்களில் ஷுன் ஹுய்ஷெங் ஒருவர். ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிய காலத்தில் ‘நால்வர்’ என்று நாடே கொண்டாடிய பெரும் நடிகர்களில் அவரும் ஒருவர். ‘நீர்க் கை’யை வீசியே சபையை அழவைத்தவர், அன்று அத்தகைய பட்டுகள் சுருண்டு கருகுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில், 1968இல், அவர் மறைந்தார். நால்வரில் முதல்வரான மெய் லான்ஃபாங் 1961லேயே காலமாகிவிட்டார். இதையெல்லாம் காணாமல் போனாரே என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்களாம்.

இன்னொருவர் லாவ் ஷே. வயது 67. சீனத்தின் தலைசிறந்த நாவலாசிரியர்களில் ஒருவர். ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழை இளைஞனின் வாழ்வை அவர் எழுதிய நாவல் உலகின் பல மொழிகளில் வந்திருக்கிறது. ‘மக்கள் கலைஞர்’ என்று 1951இல் பட்டம் கொடுத்தது பெய்ஜிங் நகர அரசுதான். சில நாள்களுக்கு முன்புதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். அடியில் அவர் தலை பிளந்து இரத்தம் வழிந்தது. கட்டுவதற்குத் துணி தேடியபோது கிடைத்தது எது? எரியாமல் கிடந்த ஒரு ‘நீர்க் கை’. அந்த வெள்ளைப் பட்டால்தான் தலையைச் சுற்றிக் கட்டினார்கள்.

அத்தோடு விட்டார்களா? அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் அடித்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகே வீடு திரும்ப முடிந்தது. மறுநாள் காலையில் சின்னப் பேத்தியிடம் விடைபெற்றுக்கொண்டு தனியாக வெளியே போனார். ஓர் ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், அன்றிரவு அதே ஏரியில் மூழ்கி இறந்தார். ஏரியின் பெயர் தைப்பிங். நம் பேராக் மாநிலத்துத் தைப்பிங்கின் பெயரேதான். பேரமைதி என்று பொருள். அந்த ஏரியும் இன்று இல்லை. பிற்பாடு நிலத்தடி ரயில் வேலைக்காகத் தூர்த்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் எழுதிய கதை

இந்த லாவ் ஷே நமக்கு அந்நியர் அல்லர். லண்டனில் ஐந்து ஆண்டுகள் சீன மொழி கற்பித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், 1929இல் சிங்கப்பூரில் இறங்கினார். கையில் காசில்லை. சீன உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1930 தொடக்கம்வரை அங்கே இருந்தார். தென்கடல் நாடுகளில் காடு வெட்டி, ஈயம் தோண்டி, ரப்பர் நட்ட தம் இனத்து உழைப்பாளிகளைப் பற்றிப் பெரிய நாவல் எழுத ஆசைப்பட்டார். சுற்றிப் பார்க்கப் பணமோ நேரமோ இல்லாததால் அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதினார். பெரும்பகுதியை அங்கேயே எழுதி முடித்தார். கதையின் பெயர் ‘சின்னப் போவின் பிறந்தநாள்’.

கதைத் தலைவன் சிங்கப்பூரில் கடைக்காரர் ஒருவரின் மகன். அவனோடு விளையாடும் கூட்டத்தில் மலாய்ப் பிள்ளைகளும் உண்டு. நம் இந்தியப் பிள்ளைகளும் உண்டு. அவனிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: சாயம் போன, ஓட்டை விழுந்த ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு. அதைத் தலையில் சுற்றிக்கொண்டால் அவன் இந்தியன். இடுப்பில் சுற்றிக்கொண்டால் மலாய்க்காரன். பெரியவர்கள் இந்த இனம், அந்த இனம் என்று பிரித்துப் பேசுவது அவனுக்கு விளங்குவதில்லை. ஒரு முழத் துணியில் மாற்றிக்கொள்ளக்கூடியதுதானே என்று அவன் நினைக்கிறான்!

உடை ஆளை மாற்றும் என்ற கூத்து மேடையின் இரகசியத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தவர் அவர். முப்பத்தாறு ஆண்டு கழித்துப் பிள்ளைகள் கையாலேயே அடிபட்டார் என்பதை எழுதும்போது பேனா தயங்குகிறது.

தீ பரவியது

பெய்ஜிங்கில் அந்தத் தீ ஒரு முற்றத்தோடு நிற்கவில்லை. லாவ் ஷே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அதே 24ஆம் நாள், நகருக்கு வெளியே மிங் பேரரசர் வான்லியின் கல்லறை வளாகத்தில் இன்னொரு தீ. 1950களில் தோண்டித் திறந்த கல்லறை அது. முந்நூறு ஆண்டுக்கு மேலாக மண்ணுக்குள் இருந்த பட்டு அங்கிகளும் துணிச்சுருள்களும் வெளியே வந்தபோது, பாதுகாக்கும் முறை சரியாகத் தெரியாமல் பல விறைத்துக் கெட்டுப்போயிருந்தன. அது அறியாமையால் வந்த இழப்பு. 1966இல் நடந்ததோ வேறு. பேரரசர், இரண்டு பேரரசியர் ஆகியோரின் எலும்புகளை வெளியே இழுத்துப்போட்டு, கண்டனக் கூட்டம் நடத்திக் கொளுத்திவிட்டார்கள். செத்தவர்மேலும் வழக்கு!

பெய்ஜிங்கில் 1958இல் கணக்கெடுத்துப் பதிவு செய்த பழமைச் சின்னங்கள் 6,843. அவற்றில் 4,922 அழிந்தன. பெரும்பாலும் அந்த ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதங்களில். அதே இரண்டு மாதங்களில் அந்த நகரில் அடித்துக் கொல்லப்பட்டவர்கள் 1,772 பேர் என்பது பின்னாளில் வெளிவந்த அரசுக் கணக்கு. நவம்பரில் கன்பூசியஸ் பிறந்த சூஃபூ ஊரிலும் ஆயிரக்கணக்கான பொருள்கள் போயின.

கணக்கில் வராதது இன்னும் அதிகம். வீடு வீடாகச் சோதனை நடக்கிறது என்று கேள்விப்பட்ட குடும்பங்கள், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, தாங்களே எரிக்கத் தொடங்கின. பாட்டியின் கல்யாணப் பட்டு, முன்னோர் படம், பழைய புத்தகம், கடிதம் எல்லாம் அடுப்புக்குப் போயின. புகை வெளியே தெரிந்தால் ஆபத்து என்று கிழித்துக் கிழித்துச் சிறிது சிறிதாக எரித்தார்கள். ஒரு தாய் தன் சீதனப் பெட்டியைத் தானே தீயில் போடுவது என்றால் அந்த அச்சம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

பத்து ஆண்டுகள் பழைய கூத்து மேடை ஏறவில்லை. மா சே துங்கின் துணைவியார் ஜியாங் சிங் மேற்பார்வையில் அமைந்த எட்டுப் படைப்புகளே நாடு முழுவதும் ஓயாமல் ஒலித்தன. அவற்றில் ஐந்து பெய்ஜிங் கூத்து முறையில் அமைந்தவை. பட்டு அங்கிக்குப் பதில் இராணுவச் சட்டையும் ஒட்டுப்போட்ட விவசாயி உடையும். அந்த ஒட்டுத் துணியும்கூட அளவெடுத்து அழகாக வைத்துத் தைத்ததுதான். ஆனால் ஒரு வேடிக்கை. மக்களுக்குத் தடை போட்ட பழைய கூத்தை மா சே துங் விரும்பிக் கேட்பவர். 1970களின் நடுவில், நோயில் கிடந்த அவர் பார்ப்பதற்கென்று, ஒதுக்கிவைத்த முதிய நடிகர்களை இரகசியமாக வரவழைத்துப் படம் பிடித்தார்கள்!

அதே பத்தாண்டுகளில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் பட்டணத்துக் கோயில் வாசல்களிலும் என்ன நடந்துகொண்டிருந்தது? சீன மண்ணில் தடைப்பட்ட பேரரசர்களும் தேவதைகளும் இங்கே பலகை மேடையில் இரவெல்லாம் பாடிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு நின்ற நாம், அதன் அருமை தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிஞ்சியது

எல்லாமே போய்விடவில்லை. பழைய அரண்மனையின் கதவுகளை மூடிக் காவல் போடும்படி பிரதமர் சூ என்லாய் 1966 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டதால், அரண்மனைக் கூத்து உடைகள் உள்ளே பத்திரமாக இருந்தன. மெய் லான்ஃபாங்கின் குடும்பத்தார் முன்பே அரசிடம் ஒப்படைத்திருந்த பொருள்களைக் கொண்டு 1986இல் அவர் பெயரால் நினைவகம் ஒன்றும் திறக்கப்பட்டது. 1970களின் இறுதியில் பழைய கூத்து மீண்டும் மேடை ஏறியது. 2010இல் யுனெஸ்கோ அதை உலகின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

புதிய அங்கிகள் தைத்தார்கள். இயந்திரப் பூவேலை வந்துவிட்டது, விலையும் மலிவு. மீன்கொத்தியின் நீல இறகை ஒட்டிச் செய்த பழைய கிரீடங்களுக்குப் பதில் இப்போது சாயமேற்றிய இறகும் நாடாவும் பயன்படுத்துகிறார்கள். பறவைக்கு அது நல்லதுதான். ஆனால் பெட்டிக்காரரின் நினைவில் மட்டுமே இருந்த கணக்குகள், இந்த வேடத்துக்கு இந்தக் குரு இந்த அங்கியை இப்படி மாற்றினார் என்ற செய்திகள், அவற்றை எந்தத் தையற்காரரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்வது?

லாவ் ஷேயின் பெயரை 1978இல் அரசு குற்றத்திலிருந்து விடுவித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் உரிய மரியாதையோடு அவருக்குச் சடங்கு நடந்தது. அஸ்திப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதில் அஸ்தி இல்லை. 1966இல் உடலை எரித்தபோது குடும்பத்தார் அதைப் பெற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய மூக்குக் கண்ணாடி, ஒரு பேனா, ஒரு தூரிகை, அவர் விரும்பிக் குடித்த மல்லிகைத் தேயிலை ஆகியவற்றை உள்ளே வைத்து மூடினார்கள்.